பெருக்கல் குறி

இல்ல சார், வாத்தியார் இல்ல. நீங்க கேட்டதுல தப்பே இல்ல. ஐம்பத்து மூணு வயசு ஆளு, துவாக்குடி பயிற்சி மையம்னு போட்ட அட்டையைக் கழுத்துல மாட்டிக்கிட்டு, சட்டையை உள்ள விட்டுக்கிட்டு பஸ்ல உட்கார்ந்திருந்தா வாத்தியாருன்னுதான் யாரும் நினைப்பாங்க. எங்க தெருவுலயும் அப்படித்தான் நினைச்சுக்கிட்டிருக்காங்க. நான் திருத்தல. அவங்களா நினைச்சா அதுக்கு நானா பொறுப்பு? உங்ககிட்ட எதுக்கு மறைக்கணும், தஞ்சாவூர்ல இறங்கிப் போயிடுவீங்க, அப்புறம் நீங்க யாரோ நான் யாரோ. நான் அங்க படிக்கிறேன் சார். வெல்டிங். மூணு மாசப் பயிற்சி. மொத்தம் பதினாலு பேரு. எனக்கு அடுத்த மூத்தவனுக்கு இருபத்தாறு வயசு.

சிரிக்கணும்னா சிரிச்சுக்கங்க, பரவாயில்ல. என் வீட்டுக்காரி தையல்நாயகியே மொத நாள் சிரிச்சா. அப்புறம்தான் அழுதா.

நான் யாரையும் குறை சொல்றவன் இல்ல. அதை மொதல்லயே சொல்லிடுறேன். ஆனா அந்த மையத்துல எனக்கு நடந்த அநியாயத்தை யார்கிட்டயாவது கொட்டலைன்னா எனக்கு நெஞ்சு வெடிச்சிடும் போல இருக்கு. நீங்க காலேஜ்ல வேலை பார்க்குறேன்னு சொன்னீங்க. நாலும் தெரிஞ்சவரு. கேட்டுட்டு நீங்களே நியாயம் சொல்லுங்க.

துவாக்குடி இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்ல போய் கலியபெருமாள்னு கேட்டுப் பாருங்க, தெரியாத ஆளு கிடையாது. இருபத்து நாலு வருஷம் இன்ஸ்பெக்டரா இருந்தேன். போலீஸ் இல்ல சார், வெல்டிங் இன்ஸ்பெக்டர். பாய்லருக்கு வேண்டிய சாமான் செய்யுற கம்பெனி. வெல்டருங்க இரும்பையும் இரும்பையும் ஒட்டுவாங்க. ஒழுங்கா ஒட்டியிருக்கான்னு பார்த்துச் சொல்றவன் நான். ஒரு கையில டார்ச் லைட்டு, ஒரு கையில சாக்பீஸ். நல்லா இருந்தா ஒரு டிக். இல்லைன்னா பெரிசா ஒரு பெருக்கல் குறி. பெருக்கல் போட்டா போட்டதுதான். முதலாளியே வந்து கெஞ்சினாலும் அழிக்க மாட்டேன். எனக்கே பெருக்கல்னுதான் பேரு வச்சிருந்தானுங்க. நான் வர்றது தெரிஞ்சா 'டேய், பெருக்கல் வருதுடா'ம்பானுங்க. காதுல விழும். விழாத மாதிரி போவேன். உள்ளுக்குள்ள சந்தோஷமாத்தான் இருக்கும், பொய் சொல்லக் கூடாது.

இன்னொண்ணும் பண்ணினேன். அது என் சொந்த யோசனை. ரிஜெக்ட் ஆன பீஸை அப்படியே குப்பையில போட விடமாட்டேன். சிவப்பு பெயிண்ட்ல பெருக்கல் போட்டு, வெல்ட் பண்ணினவன் நம்பரை எழுதி, கேட்டுகிட்ட கார்டு குத்துற இடத்துல கம்பியில தொங்க விட்டுடுவேன். வர்றவன் போறவன் எல்லாம் பார்ப்பான். ஒரு நாள் முழுக்கத் தொங்கும். நாலு பேர் பார்த்தாத்தான் சார் மனுஷனுக்கு ரோஷம் வரும். வேலை சுத்தமாச்சா இல்லையா? ஆச்சு. சில பேரு வேலையை விட்டுட்டே போயிட்டான், அது வேற விஷயம். அவனுக்கெல்லாம் இந்த வேலை சரிப்பட்டு வராது.

அங்க வந்து சேர்ந்தவதான் இந்த சகாயராணி. ஹெல்ப்பரா வந்தா. அப்ப இருபத்து ரெண்டு வயசு இருக்கும். இரும்புக் கசடைத் தட்டிக் கொடுக்கிறது, பிரஷ் போடுறது, அந்த வேலை. அப்புறம் பார்த்தா மதியச் சாப்பாட்டு நேரத்துல யாரோ சொல்லிக் கொடுத்து இவளும் வெல்டிங் பண்ண ஆரம்பிச்சுட்டா. எங்க கம்பெனியில பொம்பளை வெல்டர் அதுவரைக்கும் கிடையாது. மொத பீஸு என் கைக்கு வந்துச்சு. பெருக்கல். ரெண்டாவது பீஸு, பெருக்கல். ஒரு மாசத்துல ஏழு தடவை அவ நம்பர் கேட்டுல தொங்கிச்சு. பொம்பளைப் புள்ளையாச்சேன்னு நான் ஒரு சலுகையும் காட்டல. ஆம்பளைக்கு ஒண்ணு பொம்பளைக்கு ஒண்ணுன்னு என்கிட்ட கிடையாது. மத்தவனெல்லாம் தொங்குற பக்கம் தலையைக் குனிஞ்சுக்கிட்டுப் போவான். இவ டிபன் பாக்ஸைக் கையில வச்சுக்கிட்டு அது முன்னாடி நின்னு பார்த்துக்கிட்டே சாப்பிடுவா. என்ன அழுத்தம் பாருங்க. என்னை வெறுப்பேத்தத்தான் அப்படி நிக்கிறான்னு எனக்குத் தெரியும். நாலஞ்சு வருஷம் கழிச்சு வேற கம்பெனிக்குப் போயிட்டா. போறப்ப என்கிட்ட வந்து சொல்லிட்டுத்தான் போனா. நான் ஃபைலைப் பார்த்துக்கிட்டே சரி சரின்னேன்.

அதுக்கப்புறம் எங்க கம்பெனிக்கு ஆர்டர் குறைஞ்சுது. மூணு ஷிப்டு ரெண்டாச்சு, ரெண்டு ஒண்ணாச்சு, ஒரு நாள் கேட்டுல பூட்டு. வீட்டுல பதினாறு மாசம் உட்கார்ந்தேன் சார். ஒன்பது இடத்துல போய் கேட்டேன், இன்ஸ்பெக்டர் வேலை வேணும்னு. நான் பத்தாவதுதான். ஸ்டோர்ல பையனாச் சேர்ந்து பார்த்துப் பார்த்துக் கத்துக்கிட்டது. போன இடத்துல எல்லாம் டிப்ளமோ இருக்காங்கிறான். இருபத்து நாலு வருஷம்ங்கிறேன், அது இருக்கட்டும், பேப்பர் இருக்காங்கிறான். தையல்நாயகி ஒரு ஆஸ்பத்திரி கேண்டீன்ல காலையில இட்லி ஊத்தப் போக ஆரம்பிச்சா. அஞ்சு மணிக்கு அவ கிளம்புறா, நான் போர்வைக்குள்ள முழிச்சுக்கிட்டுப் படுத்திருக்கேன். அவ போனப்புறம் எழுந்திருப்பேன். அந்தப் பதினாறு மாசத்தைப் பத்தி நான் அதிகமாப் பேச விரும்பல.

கொஞ்சம் இந்தப் பக்கம் நகருங்க சார், அந்தம்மா கூடையை வச்சுக்கட்டும். ஆங், வைம்மா.

திருவெறும்பூர் பக்கம் டிரெய்லர் கட்டுற பட்டறை ஒண்ணு இருக்கு. அந்தப் பட்டறைக்காரர் எனக்கு முன்னாடியே பழக்கம். அவர்கிட்ட போய் நின்னேன். இன்ஸ்பெக்டர் எல்லாம் எனக்கு எதுக்குண்ணே, என் கண்ணே போதும்னுட்டாரு. வெல்டர்னா வேணும், மூணு மாசம் டைம் தர்றேன், அதுக்குள்ள சர்டிபிகேட் கொண்டாங்க, மறு ஒண்ணாந்தேதியிலேர்ந்து வாங்கன்னாரு. அந்தக் கெடு இந்த மாசக் கடைசியோட முடியுது. நல்ல மனுஷன்தான். பொண்டாட்டியையும் இனிமே இட்லி ஊத்த அனுப்பாதீங்கன்னு அவரே சொன்னாரு. அவருக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னு எனக்கு இன்னும் புரியல. ஆக, எனக்கு இருக்கிறது அந்த ஒரே வழிதான். சர்டிபிகேட் வந்தா வேலை. இல்லைன்னா திரும்பவும் போர்வை.

எனக்குப் பெரிய கவலை இல்ல. வெல்டிங்ல எனக்குத் தெரியாதது என்ன இருக்கு? இருபத்து நாலு வருஷமா நல்லதையும் கெட்டதையும் தரம் பிரிச்சவன். மூணு மாசம் அதிகம்னே நினைச்சேன்.

மொத நாள் வகுப்புக்குள்ள நுழையுறேன், வாத்தியார் இடத்துல யாரு உட்கார்ந்திருக்கா? சகாயராணி. தலையில ரெண்டு நரை விழுந்திருக்கு, மத்தபடி அதே ஆளு. என்னைப் பார்த்ததும் படக்குன்னு எழுந்து நின்னா. பயம். அந்தப் பயம் இன்னும் போகலை பாருங்கன்னு நினைச்சுக்கிட்டேன். வாங்க சார்னா. சரி, மரியாதைன்னு விட்டேன். அப்புறம்தான் புரிஞ்சுது, அது மரியாதை இல்ல, நக்கல். பசங்க எல்லாரும் என்னை அண்ணேம்பானுங்க. ஒருத்தன் பெருசும்பான். அவ மட்டும் மூணு மாசமும் சார் சார்னே கூப்பிட்டா. 'சார், வெல்டிங் ராடை இன்னும் கொஞ்சம் சாச்சுப் பிடிங்க சார்.' பதினாலு பேர் நடுவுல, குந்திக்கிட்டு உட்கார்ந்திருக்கிறவனை, மூஞ்சி முழுக்கக் கரியோட இருக்கிறவனை சார்னு கூப்பிட்டா அதுக்குப் பேரு என்னங்க?

மொத வாரம் பாடம். வெல்டிங்ல என்னென்ன குறை வரும்னு பாடம். பாதியில நிறுத்திட்டு, சார் இதை நம்மளை விட நல்லாச் சொல்லுவாங்கன்னு சாக்பீஸை என்கிட்ட நீட்டினா. விட்டேனா? ஒரு மணி நேரம் பேசினேன். ஓரம் அரிக்கிறது எப்படி, உள்ள கசடு மாட்டுறது எப்படி, குண்டூசித் தலை மாதிரி ஓட்டை விழுறது எப்படின்னு போர்டு பூராப் படம் போட்டேன். பசங்க வாயைப் பொளந்துட்டானுங்க. அந்த ஒரு நாள்தான் அந்த இடத்துல நான் மனுஷனா இருந்தது. மறுநாள் ராடு மாட்டுற ஹோல்டரைக் கையில கொடுத்தாங்க. ராடை இரும்புல தொட்டேன், ஒட்டிக்கிச்சு. இழுத்தேன், வரல. ஆட்டினேன், வரல. ராடு பழுத்துச் சிவந்து போச்சு. நேத்து வாயைப் பொளந்த அதே பசங்க குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறானுங்க. அவ வந்து சுவிட்சை அணைச்சா. எல்லாருக்கும் மொத நாள் ஒட்டும், எனக்கு ரெண்டு வாரம் ஒட்டிச்சுன்னா. என்னைச் சமாதானம் பண்ணுறாளாம். இவ சமாதானம் எனக்கு எதுக்கு?

அப்புறம் ஒரு நாள் கண்ணாடி விவகாரம். வெல்டிங் பண்றப்ப மூஞ்சிக்கு ஷீல்டு மாட்டிக்கணும், கறுப்புக் கண்ணாடி போட்டது. அதுக்குள்ள பார்த்தா நெருப்புப் புள்ளி மட்டும்தான் தெரியும். அவ என்கிட்ட வந்து குசுகுசுன்னு சொல்றா, 'சார், படிக்கிற கண்ணாடியைப் போட்டுக்கிட்டு அது மேல ஷீல்டை மாட்டிப் பாருங்களேன், கோடு நல்லாத் தெரியும்'னு. எனக்குச் சுருக்குன்னு ஆயிடுச்சு. கிழவன், கண்ணு தெரியலைங்கிறதை எவ்வளவு நாசூக்காச் சொல்றா பாருங்க. என் கண்ணைப் பத்தி எஸ்டேட்டே பேசும். அந்தக் கண்ணாலதான் இவ பீஸை ஏழு தடவை தொங்க விட்டேன். பேப்பர் படிக்கக் கண்ணாடி போடுறேன்தான், யார் போடல? போடவே மாட்டேன்னுட்டேன். பை உள் ஜிப்புலயே கெடந்துச்சு.

இதெல்லாம் கூடப் பொறுத்துக்கலாம் சார். அவ வச்சிருந்த ஒரு பழக்கம்தான் எனக்குப் பத்திக்கிட்டு வரும். தினமும் சாயங்காலம் பிளேட்டை அவகிட்ட காட்டுறதுக்கு முன்னாடி, அவனவன் தன் பிளேட்டைத் தானே பார்த்து, என்ன குறைன்னு நோட்டுல எழுதணும். எழுதினப்புறம்தான் அவ பார்ப்பா. எந்த ஊர்ல சார் இருக்கு இந்த நியாயம்? பண்ணினவனே எப்படிக் குறை கண்டுபிடிப்பான்? அதுக்குத்தானே இன்ஸ்பெக்டர்னு ஒருத்தனை வச்சிருக்கான் உலகத்துல? பசங்க பக்கம் பக்கமா எழுதுவானுங்க, ஓரம் அரிச்சிருக்கு, நடுவுல குழி, கை நடுங்கிடுச்சுன்னு. நான் உள்ளதை உள்ளபடி எழுதுவேன். ராடு ஈரம். கரண்டு ஏத்த இறக்கம். மிஷின் பழசு. கேபிள்ல கோளாறு. பக்கத்து ஆள் இடிச்சுட்டான். மூணு மாச நோட்டையும் எடுத்துப் பாருங்க, என் மேல தப்புன்னு ஒரு வரி இருக்காது, ஏன்னா இல்ல. அவ படிச்சுட்டு கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுத்துடுவா. ஒரு நாள் மட்டும், ராடை அடுப்புல காய வச்சு நானே எடுத்துக் கொடுத்தேனே சார்னா. அப்ப மழைக்காலம்னேன். சரி சார்னுட்டா.

சரி விடுங்க. போன வெள்ளிக்கிழமை பரிட்சை. இப்ப கவனமாக் கேளுங்க, இங்கதான் விஷயம்.

ஆளுக்கு ரெண்டு பிளேட்டு, ஒண்ணா ஒட்டிக் கொடுக்கணும். காலையில சீட்டுக் குலுக்கி ஆளுக்கு ஒரு நம்பர். அந்த நம்பர் பிளேட்டோட அடிப்பக்கம் அடிச்சிருக்கும், மேல தெரியாது. எந்த நம்பர் யாருதுன்னு சகாயராணி ரிஜிஸ்டர்ல மட்டும்தான் இருக்கும். பரிசோதகர் வெளியூர்லேர்ந்து வர்றவரு, ஆளைப் பார்த்து மார்க் போட்டுடக் கூடாதுன்னு இந்த ஏற்பாடு. என் நம்பர் பதினொண்ணு. பண்ணி முடிச்சேன். ஷீல்டைத் தூக்கிப் பார்த்தேன், நல்லாத்தான் இருந்துச்சு. கண்ணு எரிஞ்சுக்கிட்டு தண்ணி வழிஞ்சுது, இருந்தாலும் நல்லாத்தான் இருந்துச்சு. கசடைத் தட்டி, பிரஷ் போட்டுக் கொடுத்தாச்சு. பதினாலையும் மேஜையில வரிசையா வச்சாங்க. நாங்க சுத்தி நிக்கிறோம்.

பரிசோதகர் ஒவ்வொண்ணா பார்க்குறாரு. மூணாவது பீஸை எடுத்தாரு, பார்த்தாரு, சரின்னு வச்சாரு. எனக்குப் பொறுக்கல சார். நான் நின்ன இடத்துலேர்ந்தே தெரியுது, விளிம்புல லேசா அரிச்சிருக்கு. இருபத்து நாலு வருஷப் பழக்கம், வாய் சும்மா இருக்குமா? சார், அதுல ஓரத்துல அரிப்பு இருக்குன்னு சொல்லிட்டேன். திரும்பிப் பார்த்தாரு. மறுபடி எடுத்தாரு, ஆழம் அளக்குற கேஜை வச்சுப் பார்த்தாரு. அரிப்பு இருக்கு, ஆனா அளவுக்குள்ள இருக்குன்னு ஒத்துக்கிட்டாரு. நீங்க யாருன்னாரு. சொன்னேன். எந்தக் கம்பெனின்னாரு. சொன்னேன். அந்தக் கம்பெனி இன்ஸ்பெக்டரா நீங்க, உங்க ஆளுங்க சரக்கு ஒண்ணு கூடத் திரும்பி வராதேன்னாரு. சொல்லிட்டு, மேஜையில இருந்த சாக்பீஸை எடுத்து என் கையில கொடுத்தாரு. சும்மா ஒரு வேடிக்கைக்கு நீங்க குறி போடுங்க, நான் கேஜ் வச்சுச் சரி பார்க்குறேன், யாரு சரின்னு பார்ப்போம்னாரு.

பதினாறு மாசம் பிளஸ் மூணு மாசம் சார். அந்தச் சாக்பீஸ் என் விரலுக்குள்ள வந்தப்ப எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. முதுகு தானா நிமிர்ந்துச்சு. பையைத் திறந்து கண்ணாடியை எடுத்து மாட்டினேன். டார்ச்சை வாங்கினேன். ஆரம்பிச்சேன். மொத பீஸு டிக். ரெண்டாவது டிக். நாலாவது பெருக்கல். அவரு கேஜ் வச்சுப் பார்த்துட்டுத் தலையாட்டுறாரு, கரெக்ட் சார் கரெக்ட்டுங்கிறாரு. அப்படியே வந்துக்கிட்டிருக்கேன், கடைசிக்கு முன்னாடி ஒரு பீஸு. அதைப் பார்த்ததும் எனக்கு ரத்தம் கொதிச்சுப் போச்சு. கோடு நேரா இல்ல, பாம்பு போற மாதிரி போகுது. பாதியில நிறுத்தி மறுபடி ஆரம்பிச்ச இடத்துல ஒரு திட்டு. ஓட்டை வேற. அதை ரெண்டு கையாலயும் தூக்கி எல்லாருக்கும் காட்டினேன். அந்தக் காலத்துல எப்படிக் காட்டுவேனோ அப்படி. நாக்கும் தடிச்சுப் போச்சு. 'யார்ரா இது? இவன் ராடைப் பிடிச்சானா, துடைப்பத்தைப் பிடிச்சானா? மூணு மாசம் இவன் என்னத்தைப் படிச்சான்? இவன் கையில எவனாவது வேலையைக் கொடுப்பானா?' பசங்க விழுந்து விழுந்து சிரிச்சானுங்க. ஓங்கி ஒரு பெருக்கல் போட்டேன், சாக்பீஸே உடைஞ்சு போச்சு. பரிசோதகரும் சிரிச்சுக்கிட்டே அதை வாங்கிப் புரட்டி, நம்பரைப் படிச்சாரு.

பதினொண்ணுன்னாரு.

கொஞ்சம் காலை மடக்கிக்கங்க சார், இறங்குறவங்க இறங்கட்டும். போங்கம்மா, கூடையைப் பார்த்து. ரைட் சொல்லிட்டாரா? சரி.

சகாயராணி ரிஜிஸ்டர்ல எழுதினா. தலையைத் தூக்கவே இல்ல. பதினொண்ணு, நிராகரிப்புன்னு வாயால சொல்லிக்கிட்டே எழுதினா, நாலாவது பீஸுக்கு எப்படி எழுதினாளோ அதே மாதிரி. மிச்சம் இருந்த பீஸுக்கு நான் என்ன குறி போட்டேன்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. முடிஞ்சதும் பசங்க வந்து என் கையைப் பிடிச்சுக் குலுக்குறானுங்க, அண்ணே கலக்கிட்டீங்கண்ணே, பரிசோதகரையே தூக்கிச் சாப்பிட்டீங்களேண்ணேன்னு. யாருக்கும் தெரியாது சார். என் நம்பர் எனக்கும் அவளுக்கும்தான் தெரியும். தேறாதவங்களுக்கு நான் தனியாப் போன் பண்ணிச் சொல்லிக்கிறேன், எல்லாரும் வீட்டுக்குப் போங்கன்னுட்டா.

மொத ரெண்டு நாள் நம்பரை மாத்தி அடிச்சுட்டான்னுதான் நினைச்சேன். பழி வாங்கிட்டா, ஏழு தடவை தொங்க விட்டதுக்குப் பழி வாங்கிட்டான்னு. இப்பவும் முழுசா இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா அந்தத் திட்டு இருக்கு பாருங்க, நடுவுல நிறுத்தி மறுபடி ஆரம்பிச்ச இடம், அங்க எனக்கு முழங்கால் பிடிச்சுக்கிட்டு எழுந்து நின்னேன். அது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு.

அநியாயம்னு சொன்னேனே, அது இது இல்ல சார். பீஸு மோசம்னா ரிஜெக்ட்டுதான், அதுல எனக்கு ஒரு வார்த்தை கிடையாது. எல்லாரும் போனப்புறம் கை கழுவுற குழாய்கிட்ட நின்னுக்கிட்டிருந்தேன். அவ வந்தா. ஊரைக் கூட்டிச் சொல்லியிருக்கலாம். பதினொண்ணு யாருன்னு கேளுங்கடான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதும், அந்தப் பீஸைக் கொண்டு போய் வாசல்ல கட்டித் தொங்க விட்டிருக்கலாம். நான் விட்டிருப்பேன். அப்படிப் பண்ணியிருந்தா நான் சண்டை போட்டிருப்பேன் சார். நாலு வார்த்தை நறுக்குன்னு கேட்டிருப்பேன். ரெண்டு பேருக்கும் கணக்குத் தீர்ந்திருக்கும். அவ என்ன பண்ணினா தெரியுமா? துடைச்சுக்க துணியை நீட்டினா. 'சார், நீங்க ரிஜெக்ட் பண்ணினது சரிதான். உங்க கண்ணு இன்னிக்கும் தப்பல. அந்தக் கண்ணை வேலை செய்யுறப்பவும் போட்டுக்கங்க சார், கை தானா வந்துடும்'னா.

எவ்வளவு திமிரு பாருங்க. ஒருத்தனை விழுத்தாட்டிட்டு அவன் கண்ணு நல்லா இருக்குன்னு சொல்றது. இதை விட நாலு அறை அறைஞ்சிருக்கலாம். துணியைக் குழாய் மேலயே போட்டுட்டு பஸ் ஏறிட்டேன். வீட்டுக்கு வந்தா தையல்நாயகி வாசல்லயே நிக்கிறா, எப்படிப் பண்ணினீங்கன்னு. பரிசோதகரே அசந்து போயிட்டாருன்னேன். பொய் இல்லையே? ரிசல்ட்டு?ன்னா. பத்து நாள் ஆகும்னேன். அன்னிக்கு ராத்திரி பாயசம் வச்சா சார். ரெண்டு டம்ளர் குடிச்சேன்.

நேத்து சாயங்காலம் சகாயராணி அம்மா போன் பண்ணினாங்க. இன்னிக்குத்தான் மறு பரிட்சை, தேறாத மூணு பேருக்கு மட்டும், இதுக்கு அப்புறம் அடுத்த வருஷம்தான். பரிசோதகரைக் கெஞ்சி இன்னும் ஒரு நாள் வரச் சொல்லியிருக்காங்களாம். 'ஒன்பதரைக்கு வந்துடுங்க சார். உங்களுக்கு மேஜை உயரத்துக்கு ஸ்டாண்டு போட்டு வச்சிருக்கேன், குந்த வேண்டாம். பத்தரை வரைக்கும் அவரை நிறுத்தி வைக்கிறேன். கண்ணாடியை மறந்துடாதீங்க'ன்னாங்க. எனக்கு ஸ்டாண்டு போட்டு வச்சிருக்காங்களாம். இருபத்து நாலு வருஷத்துல நான் எவனுக்குமே ஸ்டாண்டு போட்டதில்ல சார். போடணும்னு தோணினதும் இல்ல. இவங்களுக்கு மட்டும் ஏன் தோணணும்? என்னை என்னன்னு நினைச்சுட்டாங்க? வர்றேம்மான்னு சொல்லி வச்சுட்டேன்.

என்ன சார் கடியாரத்தைப் பார்க்குறீங்க?

துவாக்குடியா? அது போய் கால் மணி நேரம் ஆச்சே. கூடைக்காரம்மா இறங்கினாங்களே, அதுதான். தெரியும் சார், தெரியாம எப்படி இருக்கும்? டிக்கெட்டே நான் தஞ்சாவூருக்குத்தான் வாங்கினேன். திங்கக்கிழமையிலேர்ந்து இப்படித்தான். வீட்டுல பயிற்சிக்குப் போறேன்னு கிளம்பி வந்துடுவேன். பெரிய கோயில் புல்தரையில உட்கார்ந்து சாப்பாட்டைச் சாப்பிட்டுட்டு நாலு மணி பஸ்ஸைப் பிடிச்சா சரியா இருக்கும்.

இல்ல சார், வேண்டாம், கண்டக்டரைக் கூப்பிடாதீங்க. உட்காருங்க. செங்கிப்பட்டியில இறங்கி எதிர் பஸ்ஸைப் பிடிச்சா இன்னும் நேரம் இருக்குன்னு எனக்கும் கணக்குப் போடத் தெரியும். நீங்க நாலும் தெரிஞ்சவருன்னுதான் உங்ககிட்ட சொன்னேன், இதை மட்டும் சொல்லுங்க. நான் போகலைன்னா அந்த ரிஜிஸ்டர்ல என் பேருக்கு எதிர்ல வரவில்லைன்னுதானே எழுதுவாங்க? பெருக்கல் போட மாட்டாங்க இல்ல? வராத ஆளுக்கு எப்படிப் பெருக்கல் போட முடியும்? நான் யாரையும் குறை சொல்லல சார். வரவில்லைன்னா வரவில்லை, அவ்வளவுதானே? அது ரிஜெக்ட் ஆகாது இல்ல?